ஒன்பது பேரை ஏற்றிய ஆட்டோ

சித்தூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் திருப்பதி வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர்ப் பள்ளியை அடையும்போதே என்னுடைய நாளில் பாதி தீர்ந்துவிட்டது போலிருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை ஆட்டத்துக்கென்று ஒதுக்கியதற்கு அந்தக் களைப்பும் ஒரு காரணம். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அட்டையும் புளியங்கொட்டையும் கொடுத்து, கணக்கு இருக்கும்படி ஓர் ஆட்டத்தை அவர்களே உண்டாக்கி, விதிகளை எழுதித் தரச் சொன்னேன். அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று எண்ணியிருந்தேன். அது ஒருநாளும் வாய்க்கவில்லை.

அவ்வகுப்பில் கழித்தல் வராத பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய தந்தை ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். பள்ளி நிர்வாகத்தின் சார்பில் ஆய்வாளர் ஒருவர் வந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் வாய்க்கணக்குக் கேட்பார். சொல்லத் தெரியாதவர்கள் இரண்டாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்று தலைமையாசிரியை அறிவித்திருந்தார். இரண்டாம் வகுப்பில் அவளுடைய தங்கை படித்தாள்.

"அது பக்கத்துல ஒக்கார மாட்டேன் டீச்சர்," என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "வூட்ல வந்து எல்லார் கிட்டயும் சொல்லிக்கினே இருக்கும்."

அவள் உண்டாக்கியது ஆட்டோ ஆட்டம். அட்டையில் பேருந்து நிலையம் தொடங்கிக் கோயில் குளம் வரை நிறுத்தங்களை வரைந்தாள். புளியங்கொட்டைகள்தாம் பயணிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சீட்டை எடுக்க வேண்டும். இத்தனை பேர் இறங்கினர், இத்தனை பேர் ஏறினர் என்று அதில் இருக்கும். கொட்டைகளைத் தொடுவதற்கு முன்பே மீதியைச் சொல்லிவிட வேண்டும். தவறினால் டயர் பஞ்சர். ஒரு சுற்று ஆட முடியாது. இந்தக் கடுமையான விதியை அவளே எழுதினாள். முதல் இரண்டு வாரம் அதிகம் பஞ்சரானதும் அவளுடைய ஆட்டோதான்.

"ஒன் வண்டி ஷெட்டுலயே நிக்குது. பேசாம நடந்து போ," என்றாள் எதிரில் ஆடியவள்.

"நிக்கட்டும். நீ எறங்காத, ஒக்காந்துக்கினு இரு."

மூன்றாவது வாரம் பஞ்சர் குறைந்தது. பதினொன்றில் நான்கு போனால் ஏழு என்று விரல் மடக்காமல் சொன்னாள்.

"பதினொரு பேரா? போலீசு புடிச்சிக்கினு பூடும்," என்றாள் மற்றவள்.

"எங்க நைனா போலீசுக்கே எடம் குடுக்கும்."

நான் சிரித்தேன். அப்போதே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். அவள் எழுதிய விதிகளில், வண்டி நிறைந்துவிட்டது என்று எந்த இடத்திலும் இல்லை.

ஆய்வாளர் வந்த அன்று நான் கதவருகே நின்றிருந்தேன். பிள்ளைகளுக்குப் பழகிய பொருளாகக் கேட்க வேண்டுமென்று நினைத்தாரோ என்னவோ, அவளிடம் ஆட்டோவையே கேட்டார். ஓர் ஆட்டோவில் ஆறு பேர் உட்காரலாம். ஒன்பது பேர் வந்தால் எத்தனை பேருக்கு இடம் இருக்காது?

அவள் முகம் தெளிந்தது. "எல்லாருக்கும் எடம் இருக்குது சார். நைனாவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தரு, அந்தப் பக்கம் ஒருத்தரு, பின்னால பலகையில ஒருத்தரு."

அவர் தவறென்று தாளில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த பெயரை அழைத்தார். மிஞ்சிய மூவரைச் சரியாகக் கண்டுபிடித்து, மூவருக்கும் அவள் இடம் தேடிக் கொடுத்திருந்தாள். "சார், அந்தப் பொண்ணு கழிச்சிட்டுதான்..." என்று தொடங்கினேன். அவர் அடுத்த பிள்ளையிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

மாலையில் தலைமையாசிரியையிடம் போனேன். இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டியவர்களின் பட்டியல் அவர் மேசைமேல் இருந்தது.

"நீ சொல்றது புரியுதும்மா," என்றார். "அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு. மறுபடியும் கேளுங்கன்னு அவர்கிட்ட யாரு போய்ச் சொல்றது? ஒனக்குப் பஸ்ஸுக்கு நேரமாவலையா?"

நேரமாகித்தான் இருந்தது. இன்னும் கால் மணி நேரம் நின்று பேசியிருந்தால் அவர் மனம் இளகியிருக்கலாம். இரக்கமில்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த பேருந்துக்கு இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். நான் பையை எடுத்துக்கொண்டேன். பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது, சித்தூர் வரை தூங்கிக்கொண்டே போனேன் என்பதெல்லாம் இன்றும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய் விளக்கினேன். பரீட்சையில் வரும் ஆட்டோவில் ஆறு பேர் என்றால் ஆறு பேர்தான். ஓட்டுபவர் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. இதுவரை இதை நான் உனக்குச் சொல்லவில்லை என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை. சரியாக எழுதப்படாத ஒரு விதியைச் சுட்டிக்காட்டும் குரலில் பேசினாள்.

"அத மொதல்லயே சொல்லணும் இல்ல டீச்சர்? வெளையாடி முடிஞ்சப்புறம் சொன்னா எப்டி?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டாம் வகுப்புக்கு நடந்தாள். அவளைப் பார்த்ததும் தங்கை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவள் உடனே உட்காரவில்லை. பையின் வாரைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றிருந்தாள்.