இருந்தபடியே கொண்டு வாருங்கள்

மெல்பேர்ணில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கார்ப் புகையைப் பிடித்துப் பையில் அடைப்பது. ஊருக்குக் கடிதம் எழுதும்போது இதை இப்படியே எழுத மனம் வரவில்லை. 'ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளர்' என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. வெயில் காலத்தில் நகரத்துக்கு மேலே மண்ணிறத்தில் ஒரு மூட்டம் நிற்கும். புதிய கார்கள் இவ்வளவுக்கு மேல் நச்சுப்புகை விடக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போடத் தொடங்கியிருந்தது. ஆனால் ஏற்கெனவே தெருவில் ஓடும் பழைய கார்கள் எவ்வளவு விடுகின்றன என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாமல் எதைக் குறைப்பது? அதை அறியத்தான் எங்கள் ஆய்வு. பொதுமக்களுக்குக் கடிதம் போட்டு, அவர்களுடைய கார்களை இரண்டு நாள் இரவல் வாங்குவோம். எஞ்சினைத் தொடாமல் நன்றாக ஆறவிட்டு, மறுநாள் கையால் தள்ளிப்போய் உருளைகளின்மேல் ஏற்றுவோம். கார் நின்ற இடத்திலேயே ஓடும். புகை பெரிய பிளாஸ்ரிக் பைகளுக்குள் போகும். அதில் காபன் மொனொக்சைட் என்னும் நச்சுவாயு எவ்வளவு என்று கருவியில் பார்ப்பது என் வேலை.

என்னை மூன்று மாதத்துக்குத்தான் எடுத்திருந்தார்கள். ஆய்வு ஒழுங்காக முடிந்தால் நிரந்தரமாக்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் மேலதிகாரி. ஆஸ்திரேலியர், தங்கமான மனிதர். ஆனால் 'யோசிக்கலாம்' என்ற சொல்லை உலையில் போட்டால் சோறாகாது. நோபல் பார்க் புறநகரில் அக்கா வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தேன். வேலை போனால் பகல் முழுக்க அங்கே இருந்து அக்காவின் புத்திமதிகளைக் கேட்க வேண்டும். நினைத்தாலே எனக்குக் கோபம் வரும்.

கடைசி வாரத்தில் பழைய கார் ஒன்று குறைந்தது. அக்காவின் கணவர், என் அத்தான், அப்படி ஒன்று வைத்திருந்தார். அது கிளம்பினால் பக்கத்து வீட்டார் யன்னலைச் சாத்துவார்கள். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். போய்க் கேட்டேன்.

"அதுக்கென்ன, தாறன். நான் என்ன செய்யவேணும்?"

"ஒண்டும் செய்யவேண்டாம் அத்தான். இருக்கிறபடியே கொண்டு வாங்கோ."

"ஓமோம்" என்றார். அந்த ஓமோமை நான் அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.

சொன்ன நாளில் கார் பளபளவென்று வந்து சேர்ந்தது. கழுவினால் கழுவட்டும், புகைக்கும் பெயின்ற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் உருளைகளில் ஓடவிட்டுப் பையைக் கருவியில் மாட்டினால், முள் சோம்பேறி மாதிரி எழும்பவே மாட்டேன் என்றது. கருவியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கருவியில் பிழையில்லை. "பழைய கார் இவ்வளவு சுத்தமா!" என்று மேலதிகாரி வியந்து, அட்டவணையில் எழுதியும்விட்டார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் குசினியில் அக்காவோடு சமைத்துக்கொண்டிருந்த அத்தானைப் பிடித்தேன்.

"காருக்கு என்ன செய்தனீங்கள்?"

"பெரிசா ஒண்டுமில்லை. பிளக் எல்லாம் மாத்தினன். எயார் பில்டர் மாத்தினன். காபரேட்டரையும் கழட்டிக் கழுவினனான். நீர் வெளியில போயிருந்த சனிக்கிழமை முழுக்கக் கராஜிலதான் நிண்டனான்." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "வெள்ளைக்காரன் பின்னுக்குப் பை கட்டிப் பாக்கப்போறான். ஊத்தையோட அனுப்பலாமே? எங்கட மானம் என்னாகிறது?"

"அந்த ஊத்தைதான் அத்தான் வேணும்! ஊத்தையை அளக்கத்தான் எனக்குச் சம்பளம் தாறாங்கள்!"

"அவர் உனக்காகத்தானே செய்தவர், ஏன் கத்துறாய்?" என்றார் அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை வீடே இல்லாத மாதிரி ஆக்கிவைக்கும் சனம் எங்கள் சனம். எல்லோர் மேலும் ஆத்திரமாக இருந்தது.

சொல்லாமல் விட்டால் ஆய்வு முடியும், வேலையும் நிலைக்கக்கூடும். சொன்னால் என் வீட்டு ஆளே காரியத்தைக் கெடுத்தார் என்றாகும். காலை ரயிலில் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன். ஆனால் மேசையில் அந்த அட்டவணையைக் கண்டதும் முடியவில்லை. அதை நம்பி யாரோ ஒருவர், பழைய கார்களால் பெரிய கெடுதியில்லை என்று எழுதிவிடுவார். மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

அவர் பென்சிலை உருட்டினார். பிறகு தொலைபேசியை எடுத்து, முதல் வாரத்தில் கார் தந்த ஒருவரை அழைத்தார். "ஒரு சின்னக் கேள்வி. எங்களிடம் கொண்டுவருவதற்கு முன்னால் காருக்கு ஏதாவது செய்தீர்களா?" கேட்டுக்கொண்டே போனவரின் முகம் மாறியது. அடுத்தவரை அழைத்தார். பிறகு இன்னொருவரை. மத்தியானத்துக்குள் எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டார். இளைப்பாறிய ஆசிரியர் பிளக் மாற்றியிருந்தார். ஒரு பெண்மணி தம்பியைக் கொண்டு எஞ்சினை ட்யூன் செய்வித்திருந்தார். தேவாலயப் போதகர் ஒருவர் காபரேட்டரைத் தானே கழுவியிருந்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒன்று செய்துதான் அனுப்பியிருந்தார்கள். அவர்களில் எங்கள் சனம் அத்தான் ஒருவர் மட்டுமே.

மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது, ஆனால் இருவருக்கும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

"எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும்" என்றார். இனிக் கடிதம் போடுவதில்லை. தொழிற்சாலை வாசல்களில் காலையிலேயே போய் நின்று, சம்மதிப்பவர்களிடம் அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போக வேறு கார் கொடுத்துவிடுவது. துடைக்க நேரமே இருக்காது. "ஒரு வருடமாவது பிடிக்கும். இனி உங்களுக்கு இது நிரந்தர வேலை. இருப்பீர்கள்தானே?"

வீட்டுக்கு ஓடிப்போய் மூச்சு வாங்க அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெடுத்ததற்கு ஒரு வார்த்தை வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேப்பரை மடித்துக் கதிரையில் வைத்தார்.

"அப்ப நான் பிளக் மாத்தியிராட்டி, உமக்கு வேலை இல்லை."