பள்ளிக் கஞ்சியும் என் வீட்டுச் சட்டிகளும்

நோன்பு மாதத்தில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் மடவளைப் பள்ளிவாசலில் கஞ்சி கொடுப்பார்கள். பொலித்தீன் சொப்பிங் பேக்கில் சுடச்சுட ஊற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். பெருநாள் வருவதற்குள் பள்ளிக்குப் பின்னாலுள்ள வடிகான் முழுக்க அந்தப் பைகள் அடைத்துவிடும். மழை பெய்தால் கீழ் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். கம்பியை விட்டுக் கிளறி எடுக்கிறவன் நான். ஐந்து வருடம் கிளறியதில் இடுப்பும் போய்விட்டது, பொறுமையும் போய்விட்டது.

அதனால் போன நோன்பில் பள்ளி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, பத்து நாளைக்குப் பை கொடுப்பதில்லை என்று சம்மதம் வாங்கினேன். எல்லாரும் சட்டி கொண்டுவர வேண்டும். பத்து நாளும் தடங்கலில்லாமல் ஓடினால் அதுவே நிலைக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் பைதான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வருகிறவர்கள் கையில் சட்டி ஏது? நோன்பாளியை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? என் வீட்டிலிருந்து பன்னிரண்டு எவர்சில்வர் சட்டிகளைக் கொண்டுவந்து வைத்தேன். "நாளைக்கு வரக்கொள திருப்பிக் கொண்டாங்க" என்று கொடுத்தனுப்பினேன்.

ஒன்றும் வரவில்லை. ஏழாம் நாள் கடைசிச் சட்டியும் போய்விட்டது.

"நீங்க ஊரத் திருத்துங்க. நான் எதுல சமைக்கிற?" என்றாள் மனைவி.

மறுநாள் ஞாயிறு. சட்டிகளைத் திருப்பிக் கேட்க நோன்போடு வெயிலில் படியேறிப் போனேன். முதல் வீடு, கண்டியில் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் பெண்ணுடையது. புருஷன் மவுத்தாகி, இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறாள். வாசலிலேயே வெடித்தேன்.

"என்ன தங்கச்சி, ஒரு சட்டியத் திருப்பித் தர இவ்வளவு நாளா? ஒங்களுக்காகத்தானே நான் மாரடிக்கிறேன்!"

சட்டி மேசையில் பளபளவென்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"வெறுஞ் சட்டியா எப்பிடி, நானா, தாறது? சம்பளம் வந்ததும் ஏதாச்சும் போட்டுத் தரலாம்னு வெச்சேன்" என்றாள், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல்.

யா அல்லாஹ்! எங்கள் ஊரில் அடுத்த வீட்டுச் சட்டி வெறுமையாகத் திரும்பாது. என் வீட்டிலும் அப்படித்தான். கஞ்சியோடு பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு பாரத்தையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அது என் மண்டையில் ஏறவேயில்லை.

"வேணாம், சும்மா தாங்க" என்றேன். அவள் கேட்கவில்லை. உள்ளே அரிசி வாளியின் அடியைத் தகரப் பேணி உரசும் சத்தம் கேட்டது. மூன்று தரம் கேட்டது. சட்டியில் ஒரு பிடி அரிசியோடு வந்தாள்.

மற்ற வீடுகளுக்குப் போகக் கால் வரவில்லை. அந்த அரிசியை அன்றைய கஞ்சியில் கொட்டினேன். நிர்வாகத்திடம் நானே போய் மறுபடியும் பைகளையே எடுத்துவரச் சொன்னேன். பள்ளிக்கென்று பொதுச் சட்டி வாங்கியிருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இருக்கலாம். அன்றைக்கு யோசிக்கிற நிலையில் நான் இல்லை, அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

அன்று அஸருக்குப் பின் அவளும் வரிசையில் வந்தாள். பையில் ஊற்றி முடிச்சுப் போட்டு நீட்டினேன். அத்தனை நாளும் இல்லாத முகத்தெளிவோடு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"இதுதான் லேசு நானா. திருப்பிக் குடுக்கத் தேவல்ல."