ஒரு கப்புகூட வாங்காத கிளப்

வெயிலில் காய்ந்த தார்ப்பாயும் தேங்காய் நாரும் பதினைந்து பேரின் வியர்வையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் அந்த வாசனைக்குள்தான், முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் நகரின் சமுதாயக்கூடத்து ஐக்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை கிளப்பில், நான் அடிபடாமல் விழக் கற்றுக்கொண்டேன். நார் மெத்தைகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியதற்குப் பெயர் 'பாய்'. அதில் உருளும்போது உள்ளங்கையால் ஓங்கி அறைய வேண்டும். சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

கிளப்பைத் தொடங்கியவர் தேவராஜ் மாஸ்டர், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். வேலை மாறி அவர் ஓசூருக்குப் போனதும், அவரிடம் கற்ற ஸ்டெல்லா அக்கா வகுப்பை எடுத்துக்கொண்டார். "பொம்பளப் புள்ள இன்னாத்த கத்துக் குடுக்கப் போவுது?" என்று சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும் அக்காவுக்கு. ஆனாலும் ஒரு நாள்கூட வகுப்பை நிறுத்தவில்லை.

தொல்லை கூடத்துக் கண்ணாடி அலமாரியால் வந்தது. அதே கூடத்தில் பயின்ற கராத்தே பிள்ளைகளின் கப்புகள் அதில் இடம் போதாமல் நின்றன. எங்கள் தட்டில் தூசிதான். நாங்கள் கற்ற முறையில் போட்டியே கிடையாது. ஒருவர் தாக்குவார், மற்றவர் அதைத் திருப்பிவிடுவார், பிறகு இடம் மாறிக்கொள்வோம். கூடத்தை நிர்வகித்த நகர்ச் சங்கத்தின் செயலாளருக்கு இது கடைசிவரை புரியவில்லை.

"இன்னாம்மா, இத்தினி வருசமா உருண்டுகினு கீறீங்க, ஒரு கப்பு கீதா? ஆண்டு விழாவுக்குள்ள ஒண்ணாவது வரலேன்னா கூடம் கராத்தேக்குத்தான்" என்றார்.

என் நைனாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. கரையான்சாவடியில் முழ உயரக் கப்பு ஒன்றை வாங்கி, 'ஐக்கிடோ, முதல் பரிசு' என்று எழுத வைத்து, விழாவன்று காலையில் யாருக்கும் தெரியாமல் அலமாரியில் வைத்துவிட்டார். எனக்கு மட்டும் தெரியும். பதினோரு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வாய்த்ததில்லை. செயலாளர் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

பிறகு அக்கா பார்த்தார். நைனாவின் திருட்டு முழியே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் அதை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"யார அட்ச்சு வாங்குனதுண்ணா இது?"

"ஊர் வாய மூடத்தாம்மா. இருந்துட்டுப் போவட்டுமே, உனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"ஜெயிக்காத கப்ப வெச்சிக்கினு நான் உருள மாட்டேண்ணா. கூடம் போனா போவட்டும்."

போயிற்று. மறுநாளே பாயைச் சுருட்டி வாசலில் போட்டார்கள். அக்கா அதைத் தன் வீட்டு மொட்டை மாடியில் விரித்தார். நான் அவமானத்தில் அழுதேன். இரண்டு வாரம் அக்கா முகத்தில் விழிக்கவில்லை. மூன்றாம் வாரம், மாடியிலிருந்து வந்த, பாயில் அறையும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் படியேறினேன்.

"லேட்டு. பத்து தபா உருளு" என்றார், அவ்வளவுதான்.

அக்கா செய்தது சரி என்று இன்று யார் முன்னாலும் சொல்வேன். அந்தக் கூடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அலமாரி எங்கே போயிற்றோ. ரப்பர் பாய் வந்து பழைய வாசனையும் போய்விட்டது. முழங்கால் தேய்ந்த அக்கா மாடியில் நாற்காலி போட்டு அதட்டுகிறார். வகுப்பை நான் எடுக்கிறேன். நைனாவின் கப்பில் எங்கள் வீட்டுக் கரண்டிகள் நிற்கின்றன.

போன வாரம் ஒருவர் மகளைக் கூட்டிவந்து, "எத்தினி கப்பு வாங்கிகீறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல. வாங்கவும் மாட்டோம்" என்றேன்.

அவர் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் ஏறிவிட்டாள்.