ஸ்டெல்லா அசைந்த படம்

"அக்கா போயிடுச்சிக்கா" என்று திண்டிவனத்திலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி தாஸ் காலையில் போன் செய்தான். அழுது ஓய்ந்து, "பேனருக்கு ஒரு போட்டோ வோணும். வூடு பூரா தேடிட்டேன், ஒண்ணுகூட இல்ல. ஆதார்ல இருக்கறதப் போட்டா எழுந்து வந்து அடிக்கும்" என்றான். அழுகையின் நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு கேமரா வைத்திருந்தவளுக்கு ஒரு படம் இல்லை. நண்பர்களே, அவளை அறிந்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

விழுப்புரத்தில் ஒரே மருத்துவமனையில் அவள் எக்ஸ்ரே எடுத்தாள், நான் ரத்தம் எடுத்தேன். நாங்கள் வேலைக்குப் போகும் ரயிலில் தினமும் அவள் சோற்று டப்பாவோடு ஒரு கேமரா வரும், ஒவ்வொரு நாளும் வேறொன்று. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம்டி. இது ஜல்தி, அது சோம்பேறி" என்பாள்.

வெயில் பட்டால் நீலமாகிற மருந்தைத் தாளில் தடவியும் படம் அச்சிடுவாள். ஒருநாள் அந்தத் தாளைக் கறுப்புத் துணியால் மூடி மாடியில் வைத்துவிட்டுக் கீழே போனாள். பக்கத்து வீட்டு அஞ்சலை துணியை எடுத்துவிட்டுத் தாள் மேல் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காயப் போட்டுவிட்டார். "சும்மாத்தானம்மா கெடந்துது?" என்று கேட்டார். தாளை அலசினால், நீலத்தில் வெள்ளை வெள்ளையாக மல்லாட்டை! புதுச்சேரிக் கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழே அஞ்சலையின் பெயரைத்தான் முதலில் எழுதினாள்.

தாஸ் போனை வைத்ததும் பால்பவுடர் டப்பா நினைவுக்கு வந்தது. அதில் ஊசித் துளை போட்டு, உள்ளே போட்டோ தாள் வைத்து, அவளே செய்த கேமரா. போன மாதம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, துளையை மூடிய டேப்பை நான் எடுத்தேன். ஒரு நிமிடம் அசையக் கூடாது. அவளோ, "டப்பாவ ஆட்டாதடி! எண்ணிக்கினு இருக்கியா?" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். படத்தில் நாற்காலி பளிச்சென்று விழுந்தது, முகம் கலைந்துபோனது. தாள் வீணாயிற்றே என்று திட்டினேன். "அசையாம இருக்க நான் இன்னா நாற்காலியா?" என்றாள்.

அந்தப் படம் என் அலமாரியில் இருந்தது. பேனர் கடைக்காரர், "மூஞ்சே தெரியலியே மேடம்" என்று தயங்கினார். இதையே போடுங்கள் என்றேன். போட்டது சரிதானா என்ற பயம் தெருமுனையில் அதைக் கட்டும்வரை போகவில்லை. அஞ்சலை வந்தார், அண்ணாந்து பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பேசிக்கினே இருக்குது பாரு" என்றார்.

டப்பா இப்போது என்னிடம். "அடுத்த ஞாயித்துக்கெழம உன் முறை" என்று போன வாரம் சொல்லி அவள் போட்டு வைத்த தாள் உள்ளேயே இருக்கிறது. இந்த ஞாயிறு தாஸ் டேப்பை எடுப்பான். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவளைப் பற்றி ஒரு நிமிடம் விடாமல் பேசப்போகிறேன்.