இரண்டு வருடத்துக்கு ஓர் அணி

தம்பிராஜா மலாக்காவில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் காற்பந்துப் பயிற்சியாளர். அந்தக் கல்லூரியில் படிப்பு இரண்டே வருடம். முதல் வருடம் முழுக்கப் பந்தை எங்கே தள்ளுவது, தன்னிடம் பந்து இல்லாதபோது எங்கே ஓடுவது என்று கற்றுக்கொடுப்பார். இரண்டாம் வருடம் பாதி போன பிறகுதான் பதினொரு பேரும் ஓர் அணியாகத் தெரியத் தொடங்குவார்கள். அதற்குள் தேர்வு வந்துவிடும். ஒருவன் கிளந்தானுக்குப் போவான், ஒருவன் ஜொகூருக்கு, இன்னொருவன் பெயர் தெரியாத தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு. புது வருடம் பிறந்ததும் புதுப் பையன்கள் வந்து நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அதுவரை வெறுங்காலில் ஆடியவர்கள். மறுபடியும் முதலிலிருந்து.

ஆற்றில் கரைத்த புளிதான். ஆனாலும் கரைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் மலாக்காவிலேயே காஜா பெராங் பகுதியில், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில் பிறந்தவர். வீட்டில் சாமி தமிழ்ச் சாமி, பேச்சு மலாய். மாரியம்மனிடம்கூட மலாயில்தான் வேண்டிக்கொள்வார். கல்லூரிக்குத் தோட்டத்துப் பையன்கள் வரத் தொடங்கிய பிறகுதான், அவர்களோடு பேசிப் பேசி, ஒரு மாதிரித் தமிழ் வந்தது. பையன்கள் அவரை 'சிக்கு' என்று கூப்பிடுவார்கள், மலாயில் வாத்தியார். ஜப்பான்காரன் வருவதற்கு முன் அவர் மாநில அணியில் ஆடியவர். ஓர் ஆட்டத்தில் முட்டி பிசகிவிட்டது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடச் சொன்னார்கள். ஆடினார், ஜெயித்தார்கள். அதன் பிறகு அந்தக் கால் சரியாக மடங்கவே இல்லை. மழைக்காலத்தில் கல்லூரிப் படியை ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.

இவ்வளவு வருடத்தில் நல்ல அணி என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டது ஒன்றைத்தான். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடத்து அணி. அதில் சென்டர் ஃபார்வர்டு சின்னப்பா. குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவன். ஒல்லியாக இருப்பான், அதிகம் பேசமாட்டான். பந்து வந்து சேரும் இடத்துக்கு அதற்கு முன்னாலேயே போய் நிற்பான். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை என்று தம்பிராஜாவுக்குத் தெரியும்.

அந்த வருடம் ஊர்க் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கல்லூரி போனது. எதிரணியில் துறைமுக ஆட்கள், எல்லாரும் கட்டுமஸ்தானவர்கள். சுதந்திரத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. ஆட்டம் நடந்த பண்டார் ஹிலிர் திடலை, பாடாங்கை, சுற்றி அப்போதே தோரணம் கட்டியிருந்தார்கள். முதல் பாதியிலேயே சின்னப்பா ஒரு கோல் போட்டுவிட்டான். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒருவனோடு மோதி விழுந்தான். எழுந்து நின்றான், ஆனால் வலது காலை முழுதாக ஊன்றவில்லை.

தம்பிராஜா உள்ளே போய் மண்டியிட முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தார். அது வீங்கத் தொடங்கியிருந்தது.

"சுடா லா, சின்னப்பா" என்றார் மலாயில். "போதும். வெளிய வா."

"இல்ல சிக்கு. துணி குடுங்க, கட்டிக்கறேன். ஆடிருவேன்."

"வெளிய வா."

"நான் போயிட்டா பத்துப் பேர்தானே சிக்கு? எப்படிச் சமாளிப்பாங்க?"

அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவன் வெளியே வந்தால் மிச்சம் இருப்பவர்கள்தான் ஆட வேண்டும். அணித் தலைவன் ஜைனல் ஓடி வந்து, "சிக்கு, அவன் சும்மா முன்னால நின்னாலே போதும்" என்றான். தம்பிராஜா சின்னப்பாவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

கடைசிக் கால் மணி நேரத்தில் துறைமுகக்காரர்கள் இரண்டு கோல் போட்டார்கள்.

அணி லாரியில் திரும்பியது. சின்னப்பா லாரியில் ஏறவே இல்லை. யாரோ ஒருவரின் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனதாகச் சொன்னார்கள். வெள்ளைக்கார முதல்வர் மறுநாள் கை குலுக்கி, நல்ல ஆட்டம் என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று தம்பிராஜாவுக்குத் தோன்றியது.

ஆட்டம் நடந்த அன்று மாலை வீட்டில் தம்பிராஜாவின் மனைவி கோகிலா சுடுதண்ணீர் வைத்திருந்தாள்.

"தோத்துட்டீங்களா?" என்று மலாயில் கேட்டாள்.

"ஆமாம்."

"காலைக் குடுங்க" என்று சொல்லி, துணியை நனைத்து அவர் முட்டியில் வைத்தாள்.

வருடக் கடைசியில் அந்த அணியும் கலைந்தது. மற்றவர்கள் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். சின்னப்பா வரவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் சில அணிகள். எதுவும் இறுதி ஆட்டம் வரை போகவில்லை. வெள்ளைக்கார முதல்வர் கப்பலேறிப் போனார். புது முதல்வர் உள்ளூர்க்காரர், நல்ல மனிதர். ஒரு நாள் தம்பிராஜாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, தேநீர் வரவழைத்துப் பேசினார். இனி உடற்பயிற்சித் துறைக்கு முறையாகப் படித்துத் தேறியவர்தான் தலைவராக இருக்க முடியும், நீங்கள் உதவியாக இருங்கள் என்றார். இங்கிலாந்தில் படித்துவிட்டு ஒருவர் வருகிறார், நம் கல்லூரிப் பழைய மாணவர்தான் என்றும் சொன்னார்.

வந்தவர் சின்னப்பா. சதை போட்டிருந்தார், கண்ணாடி அணிந்திருந்தார். நேராக நடந்தார்.

முதல் வாரம் இருவரும் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. ஒரு நாள் பயிற்சி முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது சின்னப்பாதான் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நீங்க என்னை ஆட விட்டிருக்கணும், சிக்கு."

"விட்டிருந்தா இன்னைக்கு நீ இப்படி நடக்கமாட்டே."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தம்பிராஜா யோசித்துப் பார்த்தார். உண்மையில் அவருக்குத் தெரியாது. வீக்கத்தை மட்டும்தான் பார்த்தார். அது சாதாரண சுளுக்காகக்கூட இருந்திருக்கலாம். தன் காலை நினைத்துக்கொண்டு இன்னொருவன் காலைத் தொட்டிருக்கிறார்.

"தெரியாதுதான்" என்றார். "ஆனா மறுபடியும் கேட்டா அதேதான் செய்வேன்."

சின்னப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் பையின் ஒரு காதை அவர் பிடித்துக்கொண்டார். இருவருமாக அதைச் சாமான் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

சின்னப்பா கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பையன்களை மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓடவிட்டார். தம்பிராஜாவுக்கு விசில் ஊதுவதும் கோட்டில் சுண்ணாம்பு போடுவதும் மிச்சம். அது அவருக்கு அவமானமாகப் படவில்லை. ஒரு பையன் பந்தைத் தவறவிடும்போது, அதைத் திருத்தும் பொறுப்பு வேறொருவருடையது என்ற நினைப்பு உடம்புக்கு இதமாக இருந்தது.

சின்னப்பா வந்த இரண்டாம் வருடம் கல்லூரி ஊர்க் கோப்பையை வென்றது. சின்னப்பா வந்து தம்பிராஜாவின் கையைப் பிடித்துப் புகைப்படத்துக்கு இழுத்தார். கோப்பையை ஒரு நிமிடம் அவர் மடியில் வைத்தார்கள். சந்தோஷம் வரும் என்று தம்பிராஜா காத்திருந்தார். வந்தது. ஆனால் பெரிதாக இல்லை. வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது, படம் எடுப்பவன் இன்னொரு முறை, இன்னொரு முறை என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விருந்தில் சின்னப்பா மலாயில் பேசினார். "இவர் உருவாக்கிய அணிகள் நாடு முழுக்கப் பாடம் நடத்திக்கொண்டிருக்கின்றன" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தம்பிராஜா எழுந்து நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். தூக்கம் வந்துவிட்டது. வழக்கமாகப் பாடாங்குக்குக் கிளம்பும் நேரத்தில் கோகிலா எட்டிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. எழுப்பாமல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, கொடியில் காயப்போட்ட துணிகளை எடுக்கப் போனாள்.