பூட்டைப் பிடித்திருந்தவன்

வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிக்குக் கணினி வேலை செய்கிறவனை எங்கள் ஊர் சாய்ந்தமருதில் யாரும் வேலை செய்கிறவனாக எண்ணுவதில்லை. கடையடிக்குப் போனால், "என்ன, இண்டைக்கும் லீவா?" என்று கேட்பார்கள். அதனாலோ என்னவோ, ஒரு வேலை வந்துவிட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெரிய ஆள் போல முகத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி ஒரு பைலுடன் வந்தாள். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவளுக்கு வந்த முதல் வாய்ப்பு அது. வயதெல்லையைப் பார்த்தால் கடைசி வாய்ப்பும் அதுதான். விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் சான்றிதழ்ப் பிரதிகளில் ஜேபி என்று நாங்கள் சொல்லும் சமாதான நீதவான் ஒருவரின் கையொப்பம் வேண்டும். எங்கள் ஜேபி அடுத்த வீதியில்தான் இருக்கிறார்.

"நானே போய்க் கையெழுத்து எடுத்துட்டு வரவா?" என்றாள்.

"இஞ்ச தா, நான் பாத்துக்கொள்றன்" என்று வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். லாச்சியை மூடுவதற்குள் கம்பனியிலிருந்து போன் வந்துவிட்டது.

ஒரு பண்டசாலையின் சேர்வர். காலையில் ஆர்டர்கள் குவிந்ததும் திணறுகிறது என்றார்கள். அது மெய்நிகர்க் கணினி. ஒரு பெரிய வீட்டை அறை அறையாக வாடகைக்கு விடுவதுபோல, ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகளைக் குடிவைத்திருப்பார்கள். இதற்கு எட்டு ப்ரொசெசர் கொடுத்திருந்தார்கள். நான் யோசிக்காமல் பதினாறாக்கினேன். நிலைமை இன்னும் மோசமானது. பதினாறும் மூச்சுவிடாமல் உழைப்பதாகத் திரை காட்டியது, ஆர்டர் ஒன்றும் நகரவில்லை. கணினியின் வேலைகளையெல்லாம் உள்ளிருந்து பங்கிட்டு நடத்தும் கேர்னலை, பாவம், வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

ஞாயிறும் திங்களும் அவள் தேத்தண்ணியோடு வந்து வந்து போனாள்.

"பைல் என்ன மாதிரி?"

"ஓம், ஓம், போறன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவு திறக்கும். "ஜேபி வீட்டதான் இரிக்காராம். மறுகா அம்பாறைக்குப் போயிருவாராம்."

"பொறு, கொஞ்சம் பொறு."

எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளே லாச்சியைத் திறந்து எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயால் சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் காத்திருந்தாள்.

செவ்வாய் பின்னேரம் வீட்டில் சத்தமில்லை, நன்றாக வாசிக்க முடிந்தது. அப்போதுதான் ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டிய ஓர் எண்ணைப் பார்த்தேன். எங்கள் ப்ரொசெசர்களின் நேரத்தில் எவ்வளவை வெளியே உள்ள பெரிய இயந்திரம் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறது என்று காட்டும் எண் அது. நிறையவே எடுத்திருந்தது.

விஷயம் இதுதான். கேர்னலுக்குள் எல்லோரும் தொடவேண்டிய ஒரு பட்டியல் இருந்தால், ஒரு ப்ரொசெசர் அதற்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வேலையை முடிக்கும். மற்றவை நின்ற இடத்திலேயே "விட்டாச்சா? விட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். கண்சிமிட்டும் நேரம்தானே என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் மெய்நிகர்க் கணினியில், பூட்டைப் பிடித்திருப்பவரையே பெரிய இயந்திரம் இடையில் உறங்கவைத்துவிடலாம். கேட்பவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் கேட்டுக் கேட்டே களைப்பார்கள். பெரிய இயந்திரமோ அவர்களைத்தான் உழைப்பாளிகள் என்று எண்ணி, நேரத்தை அவர்களுக்கே அள்ளிக் கொடுக்கும். நான் செய்ததெல்லாம் கேட்கிற ஆட்களைக் கூட்டியதுதான்.

புதன்கிழமை ப்ரொசெசர்களை நான்காகக் குறைத்தேன். காத்திருப்பவை கேட்டுக்கொண்டே நிற்காமல் உறங்கி, பூட்டு விடுபட்டதும் எழும்பும்படி ஓர் அமைப்பையும் போட்டேன். வியாழன் காலை ஆர்டர்கள் தண்ணீர்போல ஓடின. அல்ஹம்துலில்லாஹ் என்று அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "பூட்டைப் பிடித்திருந்தவருக்குத் தாம் உறங்கியதே தெரியாது. விழிக்கும்போது ஒரு கணமும் கழியவில்லை என்றே நினைப்பார்" என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரி எனக்கே பிடித்துப்போய் இரண்டு தரம் வாசித்தேன்.

ளுஹர் தொழுதுவிட்டுக் குசினிக்குப் போனேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"தூங்கினவர எழுப்ப ஏலாதா?"

"ஏலும். ஆனா கேட்டுட்டு நிக்கிற ஆக்களுக்கு அவர் தூங்குறார் எண்டு தெரியாதே" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, லாச்சி நினைவுக்கு வந்தது. எழும்பி ஓடினேன். லாச்சி வெறுமையாக இருந்தது.

திரும்பி வந்து வாசலில் நின்றேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அத செவ்வாக்கிழமை காலையிலயே எடுத்துட்டன். நானே ஜேபிக்கிட்டப் போய், கையெழுத்து எடுத்து, பதிவுத் தபால்ல போட்டாச்சி."

"நான் எங்க இருந்தன்?"

"மேசையிலதான் இருந்தீங்க. கூப்பிட்டன், கேக்கல்ல. லாச்சியத் திறக்கக் காலைக்கூட நகத்தித் தந்தீங்க."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதுக்கு மேல கேக்க எனக்கு ஏலாமப் போச்சி" என்றாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கேர்னலில் இன்னொருவர் பிடித்த பூட்டை யாரும் பறிக்க முடியாது, பறித்தால் எல்லாம் குழம்பிவிடும். என் வீட்டில் அந்தச் சட்டம் இல்லாததால்தான் அவளுடைய விண்ணப்பம் நேரத்துக்குத் தபாலில் போனது. மன்னிக்கச் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

ஒன்றை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. செவ்வாய் பின்னேரம் அவள் வராமல் போனதை நான் கவனித்திருந்தேன். அப்பாடா, இன்றைக்குத்தான் நிம்மதியாக வேலை செய்ய விடுகிறாள் என்று நினைத்தேன்.