டாக்டர் ஹால்வர்சனின் பொம்மைக் காளை

சோதிக்கும் முன் டாக்டர் ஹால்வர்சன் சுவரோரத்து ஹீட்டரில் இரண்டு கைகளையும் வைத்துச் சூடுபடுத்திக்கொள்வார். மொன்டானா பனியில் வண்டியோட்டி வந்து, வெட்கத்தோடு கால்சட்டையை இறக்கி நிற்கிறவன்மேல் சில்லென்ற கை படக்கூடாது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானாகக் கவனித்தது.

வயது அறுபத்தெட்டு. கண்ணுக்குக் கீழே சதை பை போலத் தொங்கும். நாம் பேசும்போதே கொட்டாவி வந்துவிடும். "மன்னிச்சுக்கோ, உன் கதை நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் தூக்கம் போதல" என்பார்.

மாடு மேய்க்கிற எங்களுக்கு அந்த இடத்தின் பெயர் வாயில் வராது. விதையில் வலி என்று சொல்ல நாணி, ஆறு வருடம் "இடுப்பு" என்றே சொல்லிவந்தேன். மற்ற டாக்டர்கள் என் இடுப்பை நான்கு தடவை படம் எடுத்தார்கள். இவர் மேசைமேல் ஒரு பொம்மைக் காளையை வைத்தார்.

"இது உன் மாடு. இதுக்கு எங்க வலிக்குது?"

சட்டென்று விரலை வைத்துவிட்டேன்.

"மாட்டுக்கு வந்தா அங்க, உனக்கு வந்தா இடுப்பா?" என்றார். சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

ஸ்கேனில் கட்டி இல்லை. சிறுநீரில் கிருமி இல்லை. குடலும் இறங்கவில்லை. ஆனால் என்னால் குதிரை ஏற முடியவில்லை, ஜெபத்துக்கு மண்டியிட முடியவில்லை.

"எடுத்துப் போட்டுடுங்க டாக்டர்" என்று அழுதேன்.

"எடுத்தப்புறமும் வலிச்சா, அடுத்து எதை எடுக்கச் சொல்லுவ? முதல்ல ஊசி."

விதைக்குப் போகும் நரம்புகள் இறங்குகிற இடத்தில், மரத்துப்போகும் மருந்தை ஏற்றினார். வலி நின்றால் குற்றம் அந்த நரம்பில். நிற்காவிட்டால் வேறெங்காவது தேட வேண்டும். கால்மணி நேரத்தில் நின்றது. அன்று சாயங்காலம் வரை வரவில்லை. கர்த்தருக்கு நன்றி சொல்ல மண்டியிட்டவனுக்கு எழுந்திருக்கவே மனமில்லை.

மறுபடி ஒரு ஊசி போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகுதான் கத்தி. உருப்பெருக்கிக்குக் கீழே நரம்பிழைகளை மட்டும் அறுத்து, ரத்தக் குழாய்களை விட்டுவைத்தார்.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். அதற்கு முந்தின நாள் போனேன்.

"எப்படி இருக்கு?"

"பூராவும் போயிடுச்சு டாக்டர்." அவ்வளவு களைத்த முகத்திடம் வேறென்ன சொல்ல?

நான் நாற்காலி நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"எனக்காகப் பொய் சொல்லாத, கிளேட்டன். எவ்வளவு மிச்சம்னு சொல்லு, எழுதி வெச்சிட்டுப் போறேன். அடுத்து வர்றவன் உன்னை நம்பணும்ல?"